பழைய சிநேகிதங்களைத் தேடித் திரும்பியவர்கள்

வேற்று ஊரில் சில காலம் வேலை செய்துவிட்டு வீடு திரும்பியவர்கள், பிற்பாடு ஒருநாள் அந்த ஊருக்குப் போய்ப் பழகிய மனிதர்களைப் பார்த்துவர ஆசைப்படுவது வழமை. தெருவைக் கண்டுபிடித்து, படலையைத் திறந்து, "என்னை நினைவிருக்கிறதா?" என்று கேட்டு, அவர்கள் தரும் தேநீரைக் குடித்து, அன்று இடுப்பில் இருந்த பிள்ளை இன்று எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு வருவார்கள். திருச்சபைகளின் மிஷன் வேலைக்காகக் கடல் கடந்து போன பெண்கள் பலருக்கும் இந்த ஆசை இருந்தது. சிலருக்கு அது நிறைவேறியது. சிலருக்கோ, திரும்பிப் போனபோது தெருவும் இல்லை, படலையும் இல்லை. சிநேகிதிகள் எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை.

அப்படித் திரும்பிப் போன பெண்களில் முக்கியமானவர் டென்மார்க் நாட்டவரான கேரன் ஜெப்பே. (அவருடைய மொழியில் அந்தக் குடும்பப் பெயரை "யெப்பே" என்றே உச்சரிப்பார்கள்.) நூறு வருடங்களுக்கு முந்திய கதை இது. ஆனால் யுத்தத்தில் உறவுகளைத் தொலைத்து, பட்டியல்களில் பெயர் தேடி, அலுவலகப் படிகளில் காத்திருந்து பழகிய நமது வாசகியருக்கு இதில் அந்நியமாக இருக்கப்போவது ஊர்ப் பெயர்கள் மட்டும்தான்.

உர்பா நகரத்து ஆசிரியை

கேரன் 1876ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஒரு கிராமத்தில் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். தானும் ஆசிரியையானார். 1902இல் ஆர்மீனிய மக்களின் நிலை பற்றிய ஒரு சொற்பொழிவைக் கேட்கும் சந்தர்ப்பம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த வருடமே, தனது 27ஆவது வயதில், அன்றைய ஒட்டோமன் துருக்கியப் பேரரசில் இருந்த உர்பா என்னும் நகரத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

ஆர்மீனியர்கள் பழமையான ஒரு கிறிஸ்தவ இனத்தவர். தமக்கென ஒரு மொழியும், 1,600 வருடங்களுக்கு மேற்பட்ட எழுத்தும் கொண்டவர்கள். ஒட்டோமன் பேரரசின் கிழக்குப் பகுதிகளில் விவசாயிகளாகவும் கைவினைஞர்களாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்தார்கள். 1894 முதல் 1896 வரை அவர்கள் மீது நடந்த படுகொலைகளின்போது, உர்பாவில் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ மூவாயிரம் பேர் 1895 டிசம்பரில் தேவாலயத்தோடு சேர்த்து எரிக்கப்பட்டார்கள். அனாதைகளாகிய பிள்ளைகளுக்காக ஜொஹானஸ் லெப்சியஸ் என்ற ஜேர்மன் போதகரின் மிஷன் அங்கே ஒரு சிறுவர் இல்லத்தையும், விதவைகளுக்காக ஒரு தரைவிரிப்புத் தொழிற்சாலையையும் தொடங்கியது. கேரன் சேர்ந்தது அந்த இல்லத்தில்தான்.

போனவர் முதலில் செய்த வேலை, மொழி படித்தது. ஆர்மீனியம் மட்டுமல்லாமல் துருக்கியும் அரபும் படித்தார். எழுத்துகளை மனப்பாடமாக ஒப்புவிக்க வைப்பதற்குப் பதிலாக, ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் முறையில் வாசிக்கக் கற்பித்தார். மிசாக் என்ற அனாதைச் சிறுவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். பின்னர் லூசியா என்ற பெண்பிள்ளையையும் வளர்த்தார். இருவரும் பெரியவர்களானதும் 1913இல் ஒருவரையொருவர் மணந்துகொண்டார்கள். திருமணமாகாத ஒரு டெனிஷ் ஆசிரியை ஆர்மீனியச் சம்பந்திகளோடும் அயலவர்களோடும் ஊராகிவிட்டார். மிஷன்காரர் பலர் "அவர்களுக்காக" உழைத்தவர்கள். கேரன் அவர்களோடு இருந்து சமைத்துச் சாப்பிட்டவர். பிற்காலத்தில் அவரைத் திரும்பவும் இழுத்துக்கொண்டு போனது இதுவாகவே இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். கடமைக்காக மட்டும் போகிறவர் ஒருமுறை நோயில் விழுந்தால் அத்தோடு நின்றுவிடுவார்.

1915ஆம் ஆண்டு

முதலாவது உலக யுத்தத்தின் நடுவே, 1915இல், ஆர்மீனியர்களை அவர்களது ஊர்களிலிருந்து அகற்ற ஒட்டோமன் அரசு கட்டளையிட்டது. ஆண்களைப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். நடந்தே செத்தவர்கள் பல இலட்சம். மொத்தமாகப் பத்து இலட்சம் பேரளவில் அல்லது அதற்கு மேலும் மாண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். உலகின் பல நாடுகள் இதனை இனப்படுகொலை என ஏற்றுக்கொண்டுள்ளன. துருக்கிய அரசு அந்தச் சொல்லை இன்றும் ஏற்பதில்லை.

பாலைவனத்துக்குப் போகும் பாதையில் உர்பா இருந்தது. வடக்கிலிருந்து ஓட்டிவரப்பட்ட பெண்களின் வரிசை நாள் தவறாமல் அந்த நகரத்தைக் கடந்தது. பிறகு உர்பா ஆர்மீனியர்களின் முறை வந்தது. அவர்கள் எதிர்த்துப் போராடித் தோற்றார்கள். கேரன் தன் வீட்டின் நிலத்துக்குக் கீழே மறைவிடம் அமைத்து, தப்பி வந்தவர்களை ஒளித்துவைத்தார். சிலரைக் குர்திஷ், அரபு உடைகளை அணிவித்து வெளியேற்றினார். வீட்டுக்குள் ஆட்கள் ஒளிந்திருக்கும்போது சமையலின் அளவு கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இங்கு பலருக்கும் தெரிந்த விடயம். தேடுதல் வரும்போது குழந்தை அழாமல் இருக்கவேண்டும் என்பதும் தெரியும். அந்த வாழ்க்கையை அவர் ஒரு நாள் இரண்டு நாளல்ல, வருடக்கணக்கில் நடத்தினார். உடலும் மனமும் உடைந்து, 1918இல் டென்மார்க்குக்குத் திரும்பினார்.

அங்கே மூன்று வருடங்கள். பாதுகாப்பான நாடு, தாய்மொழி, உறவினர்கள் எல்லாம் இருந்தன. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 15 வருட சேவை செய்துவிட்டார், இனி ஓய்வெடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்ற விபரம் தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. டென்மார்க்கில் இருந்த ஆர்மீனியர்களின் நண்பர்கள் அமைப்பின் ஆதரவோடு 1921இல் மறுபடியும் புறப்பட்டார்.

உர்பாவுக்குப் போக வழியிருக்கவில்லை. யுத்தத்தின் முடிவில் அங்கே வந்திருந்த பிரெஞ்சுப் படை 1920இல் வெளியேறிவிட்டது. நகரம் துருக்கிய தேசியவாதிகளின் கையில் இருந்தது. எனவே அவர் எல்லைக்குத் தெற்கே, பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த சிரியாவின் அலெப்போ நகரத்துக்குப் போனார். எஞ்சிய ஆர்மீனியர்கள் ஆயிரமாயிரமாக அங்கேதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். நகரத்தின் ஓரத்தில் கூடாரங்களும் தகரக் கொட்டில்களுமாக முகாம்கள். தெருவைத் தெருவாக, ஊரை ஊராகக் கூடி இருந்தார்கள். உர்பாக்காரர் ஒரு பக்கம், மராஷ்காரர் இன்னொரு பக்கம். முகாம் வாழ்க்கை கண்டவர்களுக்கு இதுவும் புதிதல்ல. கிணற்றடியில் ஊர் பேர் கேட்டுத்தானே நாமும் பக்கத்துக் கொட்டிலோடு ஒட்டிக்கொண்டோம்.

பார்க்க வந்தவர் ஏன் தங்கிவிட்டார்

அலெப்போவில் உயிரோடு இருந்தவர்களைக் கண்டதும் கேரனுக்கு மற்றொன்று தெரியவந்தது. நடைபயணத்தின்போது பிடித்துச் செல்லப்பட்ட, விற்கப்பட்ட, அல்லது பசியால் கையளிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் பாலைவனக் கிராமங்களிலும் நாடோடிக் கூடாரங்களிலும் துருக்கிய, குர்திஷ், அரபு வீடுகளிலும் இன்னமும் இருந்தார்கள். சிலர் வேலைக்காரர்களாக, சிலர் மனைவிமாராக, சில சிறுவர்கள் ஆடு மேய்ப்பவர்களாக. போகும்போது ஐந்து வயதாயிருந்த பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. தன் பெயரும் மொழியும் மறந்துபோயிருந்தன.

அப்போது ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் பெண்களையும் சிறுவர்களையும் மீட்பதற்காக அது மூன்று பேரை ஆணையாளர்களாக நியமித்தது. கொன்ஸ்தாந்திநோபிளில் டொக்டர் கென்னடி என்ற பிரித்தானியரும் எம்மா குஷ்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும், அலெப்போவில் கேரன் ஜெப்பேயும் பணியாற்றினார்கள். சிநேகிதங்களைப் பார்க்க வந்தவர் இப்படித்தான் உலக அமைப்பொன்றின் அலுவலர் ஆனார்.

அலெப்போவில் ஒரு மீட்பு இல்லம் திறக்கப்பட்டது. பாலைவன எல்லையோர ஊர்களில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். தப்ப விரும்பும் ஒருவர் அந்த ஆட்களிடம் வந்து சேர்ந்தால், அங்கிருந்து அலெப்போவுக்கு அனுப்பிவைப்பார்கள். ஓடிவந்தவர்கள் இரவில் நடந்தும், வியாபாரிகளின் வண்டிகளில் ஒளிந்தும், ஒருவரிடமிருந்து ஒருவர் காதோடு காதாக வழி கேட்டும் வந்தார்கள்.

1922 முதல் இல்லத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் இடம் கொடுக்கப்பட்டது. இலக்கம், பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், வயது, வந்த திகதி. அருகில் வந்த அன்றைய படம். அதன் கீழே சில வரிகளில் அவருடைய கதை. எந்த ஊரிலிருந்து கிளப்பப்பட்டார், தகப்பன் எங்கே கொல்லப்பட்டார், தாய் எந்த இடத்தில் விழுந்தார், யார் எடுத்துச் சென்றார்கள், எத்தனை வருடம் அங்கே இருந்தார், எப்படித் தப்பினார். பின்னர் உறவினர் கிடைத்தால் அதுவும், யாரிடம் போனார் என்பதும் எழுதப்பட்டது. இப்படிப் பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,700 பேர்.

நிவாரண வேலையில் பதிவு என்பது சாதாரணமாகச் சலிப்பான விடயம். படிவத்தை நிரப்பு, இன்னொரு படிவத்தை நிரப்பு என்று அலைக்கழிக்கப்பட்டவர்களுக்கு அதில் மரியாதை வருவது கஷ்டம். ஆனால் இந்தப் பதிவேட்டுக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. எத்தனை மூடை மா, எத்தனை போர்வை என்று எழுதுவதற்கு முன்னால், "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டு அந்தப் பதிலை எழுதிவைத்தது. பதிவேட்டின் விபரங்களைக் கொண்டே பிழைத்த தகப்பனோ, சிற்றன்னையோ, கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போயிருந்த மாமனோ தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். தன் பெயரையே மறந்த பிள்ளை ஒரு தாலாட்டையோ, வீட்டு முற்றத்து மரத்தையோ, தகப்பனின் தொழிலையோ மட்டும் நினைவில் வைத்திருந்தால், அதுவே துப்பாகியது.

முகத்தில் நீலக் கோடுகள்

பாலைவனத்து அரபுக் குலங்களிடையே பெண்களின் நாடியிலும் கன்னத்திலும் கைகளிலும் நீலநிறப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. அவர்களுக்கு அது அழகும் காவலும். ஆர்மீனியப் பெண்களுக்கோ அது அழிக்கமுடியாத சாட்சி. அலெப்போவுக்கு வந்த பெண்கள் பலரின் முகத்தில் அந்தக் கோடுகள் இருந்தன. தெருவில் போனால் எவரும் அவர்களுடைய கதையைக் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள். நமக்குச் சொந்தமானவளா, அவர்களுக்குச் சொந்தமானவளா என்று சொந்தச் சனமே சந்தேகத்தோடு பார்த்ததும் உண்டு. மீண்டு வந்த பெண்ணை மீண்டும் தண்டிப்பதில் எந்தச் சமூகமும் பின்நிற்பதில்லை போலும்.

இந்த முகங்களைப் படம் பிடித்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிதி சேகரிப்பதற்காக அன்றைய நிவாரண அமைப்புகள் பயன்படுத்தின. அதனால் பணம் வந்தது, அந்தப் பணத்தால் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பதை மறுக்கமுடியாது. ஆனாலும் தன் வாழ்நாள் முழுவதும் முந்தானையால் மறைக்க விரும்பிய ஒன்றை, தெரியாத தேசத்து மனிதர்கள் துண்டுப்பிரசுரத்தில் பார்த்துப் பரிதாபப்படுவதை அந்தப் பெண்கள் விரும்பியிருப்பார்களா? கமெராவோடு நம் முகாம்களுக்கு வந்து, அழும்வரை காத்திருந்து படம் எடுத்தவர்களைக் கண்ட நமக்கு இந்தக் கேள்வி தானாகவே எழும்.

இன்னும் கடினமான விடயம் பிள்ளைகள். ஓர் அரபு வீட்டிலோ குர்திஷ் வீட்டிலோ ஆறேழு வருடங்கள் வாழ்ந்த பெண்ணுக்கு அங்கே பிள்ளைகள் பிறந்திருந்தன. அந்த ஊர் வழக்கப்படி பிள்ளை தகப்பனுக்கே உரியது. விடுதலை வேண்டுமென்றால் பிள்ளையை விட்டுவிட்டு ஓடவேண்டும். பிள்ளை வேண்டுமென்றால் அங்கேயே இருக்கவேண்டும். சிலர் ஓடிவந்தார்கள், பிறகு இரவுகளில் தூங்கவில்லை. சிலர் இருந்துவிட்டார்கள். கூட்டிச் செல்ல ஆள் வந்தபோதும் "நான் வரவில்லை" என்று சொன்னவர்களும் உண்டு. தாயாகிவிட்டவள், பாட்டியாகிவிட்டவள், நடந்ததையெல்லாம் திரும்பத் தோண்ட விரும்பாதவள். "மீட்பு" என்ற சொல்லுக்குள் இவர்களை அடக்கமுடியாது. இல்லத்தின் கதவு தானாக வர விரும்பியவர்களுக்கே திறந்திருந்தது என்பதில்தான் அந்த வேலையின் நியாயம் இருந்ததாகத் தோன்றுகிறது.

ஊசியும் கலப்பையும்

வந்தவர்களை எவ்வளவு காலம் வைத்துச் சோறு போடமுடியும்? சர்வதேச சங்கத்தின் பணம் போதாது, அதுவும் 1927இல் நின்றுவிட்டது. தொடர்ந்து வந்தது டெனிஷ் நண்பர்கள் சேர்த்தனுப்பிய பணமே. கேரன் தொடக்கத்திலிருந்தே பெண்களுக்கான தையல் நிலையம் ஒன்றை நடத்தினார்.

அங்கே என்ன தைத்தார்கள் என்பதை நமது தையல் பழகும் வாசகியருக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆர்மீனியப் பெண்களிடையே ஊருக்கு ஊர் தனித்தனிப் பூவேலை இருந்தது. ஐன்தாப் ஊர்ப் பெண்கள் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி, சிலவற்றை உருவி எடுத்துவிட்டு, எஞ்சிய இழைகளை வெள்ளை நூலாலேயே கட்டிக் கட்டி வலைபோல ஆக்குவார்கள். வெள்ளையில் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லாதது போலிருக்கும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் வேலைப்பாடு தெரியும். மராஷ் ஊர்த் தையலோ வேறு. முதலில் துணியில் நூலால் ஒரு சட்டம் போட்டுவிட்டு, இரண்டாவது நூலைத் துணியில் குத்தாமல் அந்தச் சட்டத்தின் மேலும் கீழுமாகக் கோத்துப் பின்னுவார்கள். முடிந்தபின் நூல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கமுடியாது. தாய்மாரிடம் பாதி பழகிய நிலையில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்கள் மிச்சத்தை அலெப்போவில் மூத்த பெண்களிடம் பழகினார்கள். மேசை விரிப்புகளும் கைலேஞ்சிகளும் டென்மார்க்குக்கும் பிற நாடுகளுக்கும் போயின. கூலி அவர்கள் கைக்கு வந்தது. விதவை ஒருத்தி அலெப்போவில் வாடகை கொடுத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப அது வழிசெய்தது.

இதே காலத்தில் லெபனானின் காசிர் என்ற ஊரில் அமெரிக்க நிவாரண அமைப்பு நடத்திய இல்லத்தில் ஏறத்தாழ 400 ஆர்மீனியச் சிறுமிகள் சேர்ந்து, நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகளைக் கொண்ட ஒரு தரைவிரிப்பை நெய்து 1925இல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜுக்கு அனுப்பினார்கள். நன்றி சொல்வதற்காக. வெள்ளை மாளிகைக்குச் சொந்தமான அந்த விரிப்பு பல வருடங்களாகப் பெட்டிக்குள் கிடந்து, 2014 நவம்பரில் சில நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அந்த இல்லத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஜேக்கப் குன்ஸ்லர் என்ற சுவிஸ் நாட்டவர். உர்பா வைத்தியசாலையில் இருந்தவர், கேரனின் பழைய சிநேகிதர். 1922இல் ஏறத்தாழ 8,000 அனாதைப் பிள்ளைகளைத் துருக்கியிலிருந்து தெற்கே கூட்டிவந்தவர் அவரும் அவர் மனைவி எலிசபெத்தும்.

தையல் எல்லோருக்கும் பொருந்தவில்லை. கிராமத்துச் சனம் மண்ணைக் கேட்டது. கேரனுக்குப் பெதூவின் அரபுக் குலத் தலைவர்களோடும் நல்ல பழக்கம் இருந்தது. அவர்களில் ஒருவரான ஹாஜிம் பாஷா என்ற ஷேக், ரக்கா நகருக்கு வடக்கே பாலிக் ஆற்றை அண்டிய தெல் சமன் என்னும் இடத்தில் நிலம் தந்தார். 1924 முதல் அங்கே ஆர்மீனியக் குடும்பங்கள் குடியேறின. நிலத்துக்குக் குத்தகை, விளைச்சலில் பங்கு, காவலுக்கு ஷேக்கின் வாக்கு. பின்னர் இன்னும் சில கிராமங்கள் உருவாகின. கேரனின் வளர்ப்பு மகன் மிசாக்தான் இந்தக் குடியேற்றங்களின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். பாலைவனத்து அரபிகள் என்றாலே சிறைப்பிடித்தவர்கள் என்று நினைத்திருந்த சனம், அரபிகளின் அயலிலேயே கோதுமை விதைத்தது. அயலவரோடு உறவு இல்லாமல் எந்த மீள்குடியேற்றமும் நிலைக்காது என்று கேரன் உணர்ந்திருந்தார் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

வேறு இருவர்

கேரனைப் போலத் திரும்பி வந்த இன்னும் இரு பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது.

மரியா ஜேக்கப்சன் டென்மார்க் தாதி. 1882இல் பிறந்தவர். 1907 முதல் ஹார்புட் நகரில் அமெரிக்க மிஷன் வைத்தியசாலையில் வேலை செய்தார். கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். 1915க்குப் பிறகு தெருவில் விடப்பட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உணவளித்தார். 1919இல் நாடு திரும்பினார். மறுபடி ஹார்புட் போக அனுமதி கிடைக்காதபோது, 1922இல் லெபனானுக்குப் போனார். பிள்ளைகள் எங்கே வந்து சேர்ந்தார்களோ அங்கேயே தானும் போவது என்பது அவர் முடிவு. பிப்லோஸ் என்ற கடலோர ஊரில் 1928இல் நிலைபெற்ற அவருடைய இல்லத்துக்குப் "பறவைக் கூடு" என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் பறவைக் குஞ்சுகள் போல அவரைச் சூழ்ந்துகொண்டதால் வந்த பெயர் என்பார்கள். பிள்ளைகள் அவரை "மாமா" என்றே அழைத்தார்கள். தாய்மாமன் இல்லை, அவர்களுடைய பேச்சில் அம்மா. 1960இல் இறந்தபோது அந்த முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2015இல் அங்கே ஆர்மீனிய அனாதைகளின் நினைவாக ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மற்றவர் நோர்வே நாட்டுத் தாதி போடில் பியோன். முஷ் என்ற ஊரில் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமாக உழைத்தவர். படம் பிடிப்பதில் ஈடுபாடு உள்ளவர். ஊர்க் குடும்பங்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஆசிரியைகளையும் அமைதியான காலத்தில் படம் எடுத்து வைத்திருந்தார். 1915இல் முஷ் அழிந்தது. அவருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எல்லோருமே கொல்லப்பட்டார்கள். நாடு திரும்பிய அவர், 1922இல் சோவியத் ஆர்மீனியாவில் ஒரு சிறுவர் இல்லம் தொடங்கினார், அங்கே ஓர் ஆண் குழந்தையையும் தத்தெடுத்துக்கொண்டார். சோவியத் அதிகாரிகள் இல்லத்தை மூடிவிட்டபின் சிரியாவுக்குப் போய்த் தன் வேலையைத் தொடர்ந்தார். அவர் எடுத்த படங்கள் இன்று நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல படங்களின் பின்புறத்தில், படத்தில் சிரிக்கும் மனிதர்களுக்குப் பின்னர் என்ன நடந்தது என்பதை அவர் தன் கையால் குறித்துவைத்திருக்கிறார்.

அலெப்போவில் எஞ்சியது

கேரன் பாலைவனக் குடியேற்றங்களில் தங்கிப் பழகியவர். மலேரியா அவரை விட்டுவைக்கவில்லை. 1935 ஜூலையில், 59 வயது பூர்த்தியாகிச் சில நாட்களில், அலெப்போவில் காலமானார். டென்மார்க்குக்குக் கொண்டுபோகவில்லை, அலெப்போ ஆர்மீனியர்களின் மயானத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1947இல் அலெப்போ ஆர்மீனியர்கள் தமது உயர்தரப் பாடசாலை ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். மீட்கப்பட்ட பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே படித்தார்கள்.

2012இல் அலெப்போவுக்குள் யுத்தம் வந்தபோது ஆர்மீனியக் குடியிருப்புகளும் அடிபட்டன, கேரன் ஜெப்பே பாடசாலையும் தப்பவில்லை. பல குடும்பங்கள் மறுபடியும் மூட்டை கட்டி லெபனானுக்கும் ஆர்மீனியாவுக்கும் கனடாவுக்கும் போயின. கோதுமை விதைத்த பாலிக் ஆற்றுப் பக்கமும் சில காலம் ஆயுதக் குழுவொன்றின் கையில் இருந்தது.

மீட்பு இல்லத்தின் பதிவேடுகள் மட்டும் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகளின் காப்பகத்தில், பத்திரமாக இருக்கின்றன. உலகின் பல பாகங்களிலிருந்தும் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அந்தப் பக்கங்களில் தம் பாட்டிமாரைத் தேடுகிறார்கள். பாட்டி உயிரோடிருந்தபோது வாய் திறந்து சொல்லாத கதை, அவர் முகாமுக்கு வந்த அன்றைய படத்தின் கீழே, நாலைந்து வரிகளில் இருக்கிறது. படத்தில் அவர் தலைமயிர் கத்தரிக்கப்பட்ட பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையாக, நேராகக் கமெராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.